பேக்கப் திடீரென்று நின்றுவிட்டதா? முதலில் ரீடூ லாக்கைப் பாருங்கள்

விளக்குத்தூண் ஜவுளிக்கடை, கீழமாசி வீதி மொத்த வியாபாரம், கே.கே. நகர் ஸ்கேன் சென்டர் என்று மதுரையில் நான் பார்த்துக்கொள்ளும் இடங்களில் எல்லாம் பில்லிங்குக்கு அடியில் ஓடுவது மைஎஸ்கியூஎல் அல்லது மரியாடிபி என்ற டேட்டாபேஸ் சர்வர். ராத்திரி ஒரு ஸ்கிரிப்ட் பேக்கப் எடுக்கும், காலையில் மெயில் வரும். மாதக்கணக்கில் யாரும் அதைத் திரும்பிப் பார்ப்பதில்லை. அப்புறம் ஒரு நாள் கணக்குப்பிள்ளை கூப்பிடுவார்: “அண்ணே, பேக்கப் மெயில்ல என்னமோ எரர்னு வந்திருக்கு. நாங்க ஒண்ணுமே தொடலண்ணே.” அவர் சொல்வது உண்மைதான். சர்வர்தான் ராத்திரியோடு ராத்திரியாகத் தன்னை அப்டேட் செய்துகொண்டிருக்கும்.

இந்த மாதிரிக் கோளாறுகளில் பெரும்பாலானவை ரீடூ லாக்கில்தான் வந்து முடிகின்றன. அதன் வேலை தெரிந்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. பழைய கடைகளில் சிட்டை, பேரேடு என்று இரண்டு நோட்டு இருக்கும். வரவு செலவு நடந்த உடனே சிட்டையில் ஏறும், பேரேட்டுக்கு நிதானமாக மாற்றி எழுதுவார்கள். இந்த டேட்டாபேஸ்களுக்குள் டேட்டாவைச் சேமிக்கும் பகுதியான இன்னோடிபியும் அப்படித்தான் வேலை செய்கிறது. எந்த மாற்றமும் முதலில் ரீடூ லாக்கில் எழுதப்படும், டேட்டா ஃபைலுக்குப் பிறகு போகும். நடுவில் கரண்ட் போனால் லாக்கைப் படித்துத்தான் சர்வர் விட்டதைப் பிடிக்கும்.

பேக்கப் கருவிகளான எக்ஸ்ட்ராபேக்கப்பும் மரியாபேக்கப்பும் சர்வர் ஓடிக்கொண்டிருக்கும்போதே டேட்டா ஃபைல்களை நகலெடுக்கின்றன. நகலெடுக்கும் நேரத்தில் நடக்கும் மாற்றங்களை ரீடூ லாக்கிலிருந்து பிடித்து வைத்துக்கொள்கின்றன. பிறகு ‘பிரிப்பேர்’ என்ற கட்டத்தில் அந்த லாக்கை நகலின்மேல் ஓட்டி ஒழுங்குபடுத்துகின்றன. கவனிக்க வேண்டியது என்னவென்றால், இந்தக் கருவிகள் லாக்கைச் சர்வரிடம் கேட்டு வாங்குவதில்லை, ஃபைலைத் தாங்களே திறந்து படிக்கின்றன. சர்வரின் புதுப் பதிப்பில் லாக் எழுதும் முறை மாறிவிட்டால் பழைய கருவிக்கு அது புரியாது.

அதனால் எந்த அறிகுறியாக இருந்தாலும் முதலில் மூன்று விவரங்களை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்: ஓடிக்கொண்டிருக்கும் சர்வரின் பதிப்பு, பேக்கப் கருவியின் பதிப்பு, சர்வர் கடைசியாக அப்டேட் ஆன தேதி. உபுண்டு என்றால் தேதி, ஏப்ட் என்ற பேக்கேஜ் கருவியின் ஹிஸ்டரி லாக்கில் கிடைக்கும். பேக்கப் நின்ற நாளும் அந்தத் தேதியும் ஒட்டி வந்தால் வேறெங்கும் தேட வேண்டாம்.

அறிகுறி: “அன்சப்போர்ட்டட் சர்வர் வெர்ஷன்” என்று சொல்லி எக்ஸ்ட்ராபேக்கப் தொடங்கவே மறுக்கிறது

உபுண்டுவில் மைஎஸ்கியூஎல் 8.0 போட்டிருந்தால், பாதுகாப்பு அப்டேட் வழியாகவே 8.0.29, 8.0.30 என்று அடுத்தடுத்த பதிப்புகள் தானாக இறங்கிவிடும். எக்ஸ்ட்ராபேக்கப் வருவது அதைத் தயாரிக்கும் பெர்கோனா நிறுவனத்தின் தனி ரெப்போவிலிருந்து (பேக்கேஜ் கிடங்கு). தானியங்கி அப்டேட், மாற்றாமல் விட்டால், வெளி ரெப்போக்களைத் தொடாது. ஆகவே சர்வர் முன்னே போய்விடும், கருவி பழைய இடத்திலேயே நிற்கும். சர்வர் தன்னைவிடப் புதியது என்று தெரிந்தால் எக்ஸ்ட்ராபேக்கப்பின் பழைய பதிப்புகள் வேலையை நிறுத்திவிடும். எரிச்சலாக இருந்தாலும் அது நல்லதுக்குத்தான்.

பதிப்புச் சோதனையைத் தவிர்க்க ஒரு ஆப்ஷன் இருக்கிறது. தேடினால் அதைத்தான் முதல் தீர்வாகச் சொல்வார்கள். தயவுசெய்து அதைப் போடாதீர்கள். மைஎஸ்கியூஎல் 8.0 வரிசைக்குள்ளேயே ரீடூ லாக்கின் வடிவம் பல தடவை மாறியிருக்கிறது, 8.0.28-இலும் மாறியது, 8.0.30-இலும் மாறியது. சோதனையை அணைத்துவிட்டால் பேக்கப் முடிந்த மாதிரி தெரியலாம். அதை மீட்டெடுக்கும் நாளில்தான் உண்மை தெரியவரும், அந்த நாளில் உங்களிடம் வேறு நகல் இருக்காது.

செய்ய வேண்டியது கருவியை அப்டேட் செய்வது மட்டும்தான். சர்வரைப் பழைய பதிப்புக்கு இறக்கிப் பார்க்கலாம் என்று யோசிக்க வேண்டாம். புதுப் பதிப்பு ஒருமுறை திறந்த டேட்டா டைரக்டரியைப் பழைய பதிப்பிடம் கொடுத்தால் அது எழும்பாது. வரிசையும் பொருந்த வேண்டும்: 5.7-க்கு எக்ஸ்ட்ராபேக்கப் 2.4, 8.0-க்கு 8.0, 8.4-க்கு 8.4. பழைய ஸ்கிரிப்ட்டில் ‘இன்னோபேக்கப்எக்ஸ்’ என்று இருந்தால் அது 8.0-இல் இல்லவே இல்லை, அந்த வரியை மாற்றி எழுத வேண்டும்.

உபுண்டுவையே அடுத்த பெரிய பதிப்புக்கு ஏற்றியிருந்தால் இன்னொன்றையும் பாருங்கள். அந்த ஏற்றத்தின்போது வெளி ரெப்போக்கள் எல்லாம் அணைக்கப்படும். பெர்கோனா ரெப்போவை நீங்களாகத் திரும்ப இயக்காவிட்டால் அப்டேட் கொடுத்தாலும் கருவி அசையாது. “புதுசு எதுவும் இல்லை” என்று ஏப்ட் சொல்லும், நாமும் நம்பிவிடுவோம்.

இனிமேல் இப்படி நடக்காமல் இருக்க, மைஎஸ்கியூஎல் சர்வர் பேக்கேஜைத் தானியங்கி அப்டேட்டின் விலக்குப் பட்டியலில் சேர்த்துவிடுங்கள். ஆனால் சேர்த்ததோடு மறந்துவிட்டால் பாதுகாப்புத் திருத்தங்களும் வராமல் போகும். கடை விடுமுறை நாள் ஒன்றைக் குறித்துக்கொண்டு, சர்வரையும் கருவியையும் சேர்த்தே ஏற்றி, அன்றே ஒரு முழு பேக்கப் எடுத்து, பிரிப்பேர் வரை ஓட்டிப் பாருங்கள். தீபாவளி வியாபாரம் சூடுபிடிக்கும் வாரங்களில் இந்த வேலையே வேண்டாம்.

அறிகுறி: “அன்சப்போர்ட்டட் ரீடூ லாக் ஃபார்மட்”, கூடவே மரியாடிபியின் பெயர்

சர்வர் மரியாடிபி, கருவி எக்ஸ்ட்ராபேக்கப். மைஎஸ்கியூஎல் காலத்தில் எழுதிய ஸ்கிரிப்ட்டை யாரும் மாற்றாமல் விட்டால் இப்படி நடக்கும். மரியாடிபி 10.3-இலிருந்து மைஎஸ்கியூஎல், மரியாடிபி இரண்டின் லாக்கும் பிரிந்துவிட்டன, எக்ஸ்ட்ராபேக்கப்பால் அதைப் படிக்க முடியாது. மரியாபேக்கப்பைப் போடுங்கள், வேறு வழி இல்லை.

மரியாபேக்கப்பே இந்த எரரைக் கொடுத்தால் அது சர்வரைவிடப் பழையது என்று அர்த்தம். டாக்கரில், அதாவது கன்டெய்னர் என்ற தனிப் பெட்டிக்குள், சர்வர் ஓடி, பேக்கப் கருவி மட்டும் வெளியே ஹோஸ்ட் மெஷினில் இருக்கும் அமைப்பில் இது அடிக்கடி வரும். கன்டெய்னர் உருவாகும் இமேஜுக்கு ‘லேட்டஸ்ட்’ என்று பெயர் கொடுத்திருந்தால், இமேஜைப் புதிதாக இழுத்ததும் சர்வர் மட்டும் ஏறிவிடும். இமேஜுக்குப் பதிப்பு எண்ணைக் குறிப்பிட்டு எழுதுங்கள், கருவியையும் அதே கன்டெய்னருக்குள்ளிருந்து ஓட்டுங்கள்.

லாக்கை எந்தப் பதிப்பு எழுதியது என்று சந்தேகம் வந்தால் ஃபைலையே கேட்கலாம். ‘ஐபி_லாக்ஃபைல்0’ என்ற ஃபைலின் முதல் 512 பைட்டை மட்டும் எடுத்து, பைட்டுகளை அப்படியே காட்டும் ஹெக்ஸ்டம்ப்பில் பாருங்கள். பதினாறாவது பைட்டுக்குப் பக்கத்தில், எழுதிய சர்வரின் பெயரும் பதிப்பும் வாசிக்கிற மாதிரியே இருக்கும். மரியாடிபி 10.5-இலிருந்து தொடக்க நான்கு பைட்டுகளும் எழுத்தாகவே தெரியும்: பி, எச், ஒய், எஸ். நான்கும் பெரிய எழுத்தாக இருந்தால் 10.5 முதல் 10.7 வரையிலான வடிவம். முதல் எழுத்து மட்டும் பெரியதாக, மற்ற மூன்றும் சிறியதாக இருந்தால் 10.8-இல் வந்த வடிவம். எந்தப் பேக்கேஜ் எப்போது இறங்கியது என்று குழம்பி நிற்கும்போது இந்த நான்கு பைட் உடனே பதில் சொல்லிவிடும்.

அறிகுறி: அப்டேட்டுக்குப் பிறகு சர்வரே எழும்பவில்லை, “அப்கிரேட் ஆஃப்டர் எ கிராஷ் இஸ் நாட் சப்போர்ட்டட்”

இதில் கொஞ்சம் நிதானமாக இருங்கள். அவசரப்பட்டால் டேட்டா போய்விடும்.

நம்ம ஊரில் இது எப்படி நடக்கிறது என்றால், மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை அன்று யூபிஎஸ் பேட்டரி பாதியில் கையை விரிக்கும். சர்வர் ஒழுங்காக நிற்காமல் விழும். கரண்ட் வந்ததும் டேட்டாபேஸ் எழும்பவில்லை என்றால், யாரோ “சரி, அப்டேட் பண்ணிப் பார்ப்போம்” என்று உபுண்டுவையே ஏற்றிவிடுவார்கள். உபுண்டு 20.04-இல் இருப்பது மரியாடிபி 10.3, 22.04-இல் 10.6, 24.04-இல் 10.11. ஒரு படி ஏறினாலே லாக் வடிவம் மாறும் எல்லையைத் தாண்டிவிடுகிறீர்கள். 10.3-இலிருந்து 10.6-க்குப் போனால் 10.5-இன் மாற்றம் நடுவில் வரும், 10.6-இலிருந்து 10.11-க்குப் போனால் 10.8-இன் மாற்றம் வரும். லாக்கில் இன்னும் முடியாத வேலை பாக்கி இருக்கிறது, அது பழைய வடிவத்தில் இருக்கிறது, புதுச் சர்வர் அதைப் படிக்காது. அதனால்தான் மறுக்கிறது.

இந்த இடத்தில் பலர் சொல்லும் வைத்தியம் “ஐபி_லாக்ஃபைலை டெலீட் பண்ணிட்டு ஸ்டார்ட் பண்ணுங்க” என்பது. செய்யவே கூடாது. சர்வர் சுத்தமாக நிறுத்தப்பட்டிருந்த பழைய காலப் பதிப்புகளில் அந்த வழி ஓடியது, அந்த ஞாபகத்தில் சொல்கிறார்கள். விழுந்த சர்வரின் லாக்கை அழித்தால், கடைசியாக நடந்த பில்கள் மட்டும் போகாது. பாதி எழுதிய பக்கங்கள் அப்படியே நின்று, டேபிளே உடையும்.

சரியான வழி கொஞ்சம் நீளம்தான். சர்வரை நிறுத்தி வைத்துவிட்டு, டேட்டா டைரக்டரி முழுவதையும் வேறு டிஸ்க்குக்கு நகலெடுங்கள். இதைத் தாண்டாமல் அடுத்த வேலைக்குப் போகாதீர்கள். பிறகு ஹெக்ஸ்டம்ப்பில் லாக்கை எழுதிய பதிப்பைப் பாருங்கள். அதே பதிப்பை இன்னொரு மெஷினிலோ டாக்கரிலோ போட்டு, நகலை அதற்குக் கொடுத்து எழுப்புங்கள். பழைய சர்வர் தன் லாக்கைத் தானே படித்து மீட்புவேலையை முடித்துக்கொள்ளும். எரர் லாக் அமைதியானதும் ‘இன்னோடிபி_ஃபாஸ்ட்_ஷட்டவுன்’ மதிப்பை 0 ஆக்கி நிறுத்துங்கள். நிற்கக் கொஞ்சம் நேரம் எடுக்கும், நடுவில் கொல்லாதீர்கள். அப்படிச் சுத்தமாக நின்ற டைரக்டரியைப் புதுச் சர்வரிடம் கொடுத்தால் பிடிவாதம் பிடிக்காமல் ஏற்றுக்கொள்ளும்.

அறிகுறி: பேக்கப் வெற்றி என்கிறது, மீட்டெடுத்தால் லாக் ஃபைல்களைக் காணோம்

கருவி எதுவும் இல்லாமல், சர்வரை நிறுத்தியோ எல்விஎம் ஸ்நாப்ஷாட் (டிஸ்க்கின் அந்த நொடி நிலை) எடுத்தோ ஃபைல்களை நேரடியாக நகலெடுக்கும் ஸ்கிரிப்ட்களில் இதைப் பார்க்கலாம். (சர்வர் ஓடும்போதே, ஸ்நாப்ஷாட்டும் இல்லாமல் ஃபைலை நகலெடுத்தால் அது பேக்கப்பே கிடையாது. இங்கே அதைப் பற்றிப் பேசவில்லை.)

2022 ஜூலையில் வந்த மைஎஸ்கியூஎல் 8.0.30-க்கு முன்பு டேட்டா டைரக்டரியிலேயே ஐபி_லாக்ஃபைல்0, ஐபி_லாக்ஃபைல்1 என்று இரண்டு ஃபைல் இருக்கும். 8.0.30-இலிருந்து அவை இல்லை. அதற்குப் பதிலாக ‘#இன்னோடிபி_ரீடூ’ என்ற ஃபோல்டர், அதற்குள் ‘#ஐபி_ரீடூ’ என்று தொடங்கி எண்ணோடு முடியும் 32 ஃபைல்கள். இன்னும் பயன்படாத ஃபைல்களின் பெயருக்குப் பின்னால் ‘_டெம்ப்’ ஒட்டியிருக்கும். மொத்த அளவை ‘இன்னோடிபி_ரீடூ_லாக்_கப்பாசிட்டி’ என்ற ஒரே அமைப்பு முடிவு செய்கிறது. நாம் எதுவும் கொடுக்காவிட்டால் அது 100 எம்பி.

பழைய ஸ்கிரிப்ட் அந்த இரண்டு ஃபைல்களையும் பெயர் சொல்லி நகலெடுக்கப் போகும், ஃபைல் இல்லை என்று ஒரு வரி வரும், ஸ்கிரிப்ட் கண்டுகொள்ளாமல் அடுத்த வரிக்குப் போகும். கடைசியில் “வெற்றி” என்று மெயில். இதைத் திருத்தப் போனால் அந்த # குறி காலை வாரும். ஷெல்லில் ஒரு சொல் # குறியோடு தொடங்கினால் அங்கிருந்து வரி முடியும் வரை எல்லாமே குறிப்புரை. மேற்கோள் குறி இல்லாமல் ஃபோல்டர் பெயரை நகல் கட்டளையில் எழுதினால், அந்தப் பெயரும் அதற்குப் பின்னால் நீங்கள் எழுதிய இடமும் ஷெல்லின் கண்ணுக்கே தெரியாது. நகலெடுக்கும் கருவியான ஆர்சிங்க்கிற்கு ஃபைல் பட்டியலைத் தனி ஃபைலாகக் கொடுத்திருந்தாலும் இதே கதைதான், # குறியோடு தொடங்கும் வரியை அது தாண்டிப் போய்விடும். அதன் விலக்குப் பட்டியலில் தற்காலிக ஃபைல்களுக்காக # குறியில் தொடங்கும் பெயர்களை யாராவது ஒதுக்கியிருந்தால் ஃபோல்டரே நகலாகாது. எந்த எரரும் வராது.

மேற்கோள் குறிக்குள் முழுப் பாதையையும் எழுதுங்கள், அல்லது தனித்தனி ஃபைலாக எடுக்காமல் டேட்டா டைரக்டரியை முழுதாக எடுங்கள். நான் இரண்டாவதையே விரும்புகிறேன். அடுத்த பதிப்பில் இன்னொரு ஃபோல்டர் வந்தாலும் ஸ்கிரிப்ட் தாங்கும். ஏதாவது ஒரு கட்டளை தோற்றால் ஸ்கிரிப்ட் அங்கேயே நிற்கும்படியும் எழுதுங்கள்.

ஏற்கெனவே இப்படி எடுத்த நகலை மீட்டெடுத்தால், ரீடூ ஃபோல்டரும் இல்லை பழைய லாக் ஃபைலும் இல்லை என்ற எரரோடு சர்வர் எழும்ப மறுக்கும். அந்த நகலோடு போராடாமல், லாக் முழுதாக இருக்கும் முந்தைய நகலைத் தேடுவதே நல்லது. பேக்கப் லாக்கை ஒன்றொன்றாகப் பின்னோக்கிப் பார்த்து, “ஃபைல் இல்லை” என்ற வரி முதலில் வந்த தேதியைக் கண்டுபிடியுங்கள். அதற்கு முந்தைய நாளின் நகல் உங்களுக்குத் தேவையானது.

அறிகுறி: பேக்கப் பாதிவரை ஓடி, “லாக் ஹேஸ் ராப்ட் அரவுண்ட்” என்று நிற்கிறது

இங்கே பதிப்புப் பிரச்சினை இல்லை. ரீடூ லாக் வட்டமாகச் சுற்றி எழுதப்படும். கருவி படிப்பதற்குள் சர்வர் ஒரு சுற்று முடித்துப் பழைய பகுதியின்மேல் எழுதிவிட்டது. லாக் சின்னதாக இருந்தாலோ, பேக்கப் போகும் டிஸ்க் மெதுவாக இருந்தாலோ இப்படி ஆகும். யூஎஸ்பி டிஸ்க்குக்கு நேராக எடுக்கும் இடங்களில் பார்க்கலாம். லாக்கைப் பெரிதாக்குங்கள். மைஎஸ்கியூஎல் 8.0.30-இலிருந்தும் மரியாடிபி 10.9-இலிருந்தும் சர்வரை நிறுத்தாமலே அளவை மாற்றலாம், ஆனால் பேக்கப் ஓடும்போது மாற்றாதீர்கள். ஸ்டாக் ஏற்றும் ஸ்கிரிப்ட் பேக்கப் நேரத்திலேயே ஓடினால் அதை வேறு நேரத்துக்குத் தள்ளுங்கள், பல கடைகளில் அதுவே போதும்.

பெரிய டேட்டாவை வேகமாக ஏற்ற ரீடூ லாக்கையே அணைக்கும் வசதி மைஎஸ்கியூஎல் 8.0.21-இல் வந்தது. அணைத்தவர் திரும்ப இயக்க மறந்தால் எக்ஸ்ட்ராபேக்கப் மறுக்கும். அந்த நிலையில் கரண்ட் போனால் மீட்கவும் வழியில்லை, ஆகவே உடனே இயக்குங்கள்.

அறிகுறி: இன்ஸ்டன்ட் காலம் (நெடுவரிசை) உள்ள டேபிள்களைப் பட்டியல் போட்டு மறுக்கிறது

8.0.29-இல் டேபிளின் எந்த இடத்திலும் காலம் சேர்ப்பதும், இருப்பதை நீக்குவதும் நொடியில் முடியும்படி மாற்றினார்கள். அதோடு லாக்கில் எழுதப்படும் பதிவுகளும் மாறின, அதில் டேட்டாவைக் கெடுக்கும் பிழைகள் இருந்தன. ஆரக்கிள் அந்தப் பதிப்பையே டவுன்லோட் பக்கத்திலிருந்து எடுத்துவிட்டது. எக்ஸ்ட்ராபேக்கப் பட்டியலிடும் டேபிள்களுக்கு ‘ஆப்டிமைஸ் டேபிள்’ ஓட்டினால் அவை புதிதாகக் கட்டப்பட்டுச் சரியாகிவிடும். பெரிய பில் டேபிள் என்றால் நேரமும் டிஸ்க் இடமும் பிடிக்கும், கடை சாத்திய பிறகு ஓட்டுங்கள். 8.0.29-இலேயே இன்னும் இருந்தால் தள்ளிப்போடாமல் மேலே ஏறுங்கள்.

அறிகுறி: போன வருடத்து பேக்கப் இன்று பிரிப்பேர் ஆகவில்லை

ஆடிட்டர் பழைய கணக்கைக் கேட்கும்போது வரும் சங்கடம். எடுத்தது 10.6-இன் மரியாபேக்கப், இன்று மெஷினில் இருப்பது 10.11. பிரிப்பேர் கட்டத்தை, பேக்கப் எடுத்த அதே பதிப்பைக் கொண்டே செய்ய வேண்டும். டாக்கரில் பழைய பதிப்பைப் போட்டுப் பிரிப்பேர் செய்து, அதே பதிப்பின் சர்வரில் எழுப்பி, தேவையானதை டம்ப்பாக (எஸ்கியூஎல் கட்டளைகளாக எழுதிய ஃபைலாக) எடுத்துக்கொள்ளுங்கள். எந்தப் பதிப்பில் எடுத்தது என்பது பேக்கப் ஃபோல்டருக்குள் இருக்கும் ‘இன்ஃபோ’ ஃபைலில் இருக்கும். நான் ஃபோல்டரின் பெயரிலேயே பதிப்பு எண்ணைச் சேர்த்துவிடுகிறேன். வருடம் கழித்துத் தேடும்போது அது எவ்வளவு உதவி என்று அப்போது தெரியும்.

அறிகுறி: டம்ப் ஃபைலை ஏற்றினால் முதல் வரியிலேயே எரர்

எஸ்கியூஎல் டம்ப்புக்கு ரீடூ லாக்கோடு சம்பந்தம் இல்லை, லாக் வடிவம் எப்படி மாறினாலும் டம்ப் பாதிக்கப்படாது. அதனாலேயே சின்னக் கடைகளுக்கு வாரம் ஒரு டம்ப்பையும் சேர்த்து எடுத்து வைக்கிறேன். அதிலும் ஒரு தடங்கல் உண்டு. 2024-இல் வந்த மரியாடிபி பதிப்புகளிலிருந்து டம்ப்பின் முதல் வரியில் ‘சாண்ட்பாக்ஸ் மோட்’ என்று ஒரு குறிப்பு சேர்கிறது. பழைய கிளையண்ட்டுக்கும் மைஎஸ்கியூஎல் கிளையண்ட்டுக்கும் அது புரியாமல் “அன்நோன் கமாண்ட்” என்று நின்றுவிடும். டேட்டாவில் எந்தக் கோளாறும் இல்லை. கிளையண்ட்டை அப்டேட் செய்யுங்கள், முடியாவிட்டால் அந்த முதல் வரியை விட்டுவிட்டு இரண்டாவது வரியிலிருந்து ஏற்றுங்கள்.

மைஎஸ்கியூஎல் 8.4-க்கு ஏறிய பிறகு டம்ப் ஸ்கிரிப்ட் நின்றால், அதில் ‘ஷோ மாஸ்டர் ஸ்டேட்டஸ்’ என்று இருக்கிறதா என்று பாருங்கள். 8.4-இல் அந்தக் கட்டளை நீக்கப்பட்டுவிட்டது, ‘ஷோ பைனரி லாக் ஸ்டேட்டஸ்’ என்று மாற்றினால் ஓடும். எழுதியவர் கைவிட்டுப் போன பழைய ஸ்கிரிப்ட்களில் அந்த வரி எரரை விழுங்கும் விதமாகவும் எழுதப்பட்டிருக்கலாம். அப்போது டம்ப் வரும், மாற்றங்களை வரிசையாகப் பதியும் பைனரி லாக்கின் இடம் மட்டும் காலியாக இருக்கும். டம்ப் ஃபைலின் தொடக்க வரிகளைத் திறந்து, லாக் ஃபைல் பெயரும் பொசிஷன் எண்ணும் இருக்கின்றனவா என்று கண்ணால் பார்த்துவிடுங்கள்.